நூற்றுக்கு எழுபது

"ஏரி நெம்புமா, நெம்பாதா? ஒரே வார்த்தைல சொல்லு மச்சான்."

சேட்டு இதைக் கேட்பது ஐந்தாவது முறை. தாமோதரன் பென்சிலை நோட்டின் மேல் போட்டான். அவன் உத்திரமேரூர் ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். சேட்டு அவன் அக்காள் புருஷன். காவாந்தண்டலம் ஏரிப் பாசனத்தில் கடைசி வயல் சேட்டுவுடையது. எல்லாரும் பாய்ச்சிய பிறகுதான் அங்கே தண்ணீர் வரும். ஏரி நிரம்பினால் நெல், இல்லாவிட்டால் அதிகம் தண்ணீர் கேட்காத மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை. புரட்டாசி பிறந்துவிட்டது, நாற்று விடுவதா என்று இந்த வாரமே தெரிந்தாக வேண்டும். நெல்லைப் போட்டுக் காயவிட்டால் அந்த வருஷத்துச் சோறு போச்சு.

கோடை லீவில் மெட்ராஸுக்கு ஒரு வானிலைப் பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து தாமோதரனுக்கு மழைப் பைத்தியம். முப்பது வருஷத்து மழை அளவை எழுதி வைத்திருந்தான். கடல் சூடு, காற்று, இமயமலைப் பனி, எல்லாவற்றுக்கும் நோட்டில் கட்டம் உண்டு.

"ஒரே வார்த்தைல வராது மாமா. கடல் சூடானா காத்து மாறும். காத்து மாறினா மேகம் மாறும். மேகம் வெயில மறைச்சா கடல் திரும்ப ஆறும். ஒண்ண ஒண்ணு இழுத்துக்கினே கீது."

"கூட்டுக் குடும்பம்னு சொல்லு."

"ஆமா. அதான் நூத்துக்கு எழுவதுன்றேன்."

"எழுவதுன்னா? முக்கா ஏரியா?"

"ஐயோ மாமா! நெம்பறதுக்கு எழுவது, நெம்பாம போறதுக்கு முப்பது."

"அப்ப நெம்பும்."

அடுப்படியிலிருந்து ஆதிலட்சுமி எட்டிப் பார்த்தாள். "ஒரு பதில் சொல்லிட்டுப் போயேன்டா தம்பி. ராத்திரி பூரா என் உசுர எடுக்கறாரு."

"நெம்பும். போதுமா? யார்கிட்டயும் சொல்லாத மாமா."

"நான் ஏன் சொல்றேன்?"

இரண்டாம் நாள் பஸ் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே கேட்டார்.

"இன்னா சார், காவாந்தண்டலம் ஏரி நெம்புதாமே? நீங்க கம்ப்யூட்டர்ல பாத்தீங்களாமே?"

தாமோதரனிடம் இருந்தது ஒரு கால்குலேட்டர். அதிலும் ஏழாம் எண் இரண்டு தரம் அழுத்தினால்தான் விழும்.

"நூத்துக்கு எழுவதுங்க."

"அதான் சார், நெம்புது." விசில் அடித்தார்.

ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை பாதியில் ஏரியை நிரப்பியது. சேட்டு ஒரு சேவலைக் கொடுத்தனுப்பினான்.

மாசியில் அக்காள் வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். தாமோதரன் நேரே வயலுக்குப் போனான். கதிர் பால் பிடிக்காமல் வெளுத்து நின்றது. வெடிப்பில் கால் நுழையும். சேட்டு பயிரை மாட்டுக்காக அறுத்துக்கொண்டிருந்தான்.

"ஏரி நெம்பிச்சா இல்லியா மச்சான்?"

"நெம்பிச்சி."

"பின்ன இது இன்னா?"

தாமோதரன் வரப்பில் ஏறி மதகுப் பக்கம் பார்த்தான். ஒரே பச்சை. வருஷா வருஷம் மணிலாக்கொட்டை போடுகிற மேட்டிலும் நெல்.

"அந்த மேடு செங்கேணிதுதானே? மணிலா போடுவாரே?"

"ஏரி நெம்பும்னு தெரிஞ்சப்பறம் எவன் மணிலா போடுவான்?"

"அவருக்கு யார் சொன்னது?"

சேட்டு குனிந்து இன்னொரு பிடி அறுத்தான்.

தாமோதரனுக்கு நோட்டைக் கிழித்துப் போடலாம் போல இருந்தது. நூற்றுக்கு எழுபது என்று கடலிடம் யாரும் போய்ச் சொல்வதில்லை. பனியிடமும் சொல்வதில்லை. ஊரிடம் சொல்லிவிடுகிறார்கள். ஊர் அதைக் கேட்டு நாற்று விடுகிறது. நிரம்பிய ஏரியை இரண்டு மாசம் முன்னதாகவே குடித்துவிடுகிறது; கடைசி வயலுக்கு மிச்சமில்லை. ஊருக்கு அவன் கட்டமே போடவில்லை.

சேட்டு அறுத்த பயிரைக் கட்டித் தலையில் ஏற்றினான்.

"அடுத்த வருசம் எங்கிட்ட மட்டும் சொல்லு மச்சான்."

"போன தபாவும் உங்கிட்ட மட்டும்தான் சொன்னேன்!"

கத்தியது வாய்க்கால் கரையில் வந்துகொண்டிருந்த செங்கேணிக்குக் கேட்டுவிட்டது.

"இன்னா வாத்தியாரே," என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். "அடுத்த வருசமும் நெம்புதா?"