சொராய்தாவின் கண்ணாடிச்சிகள்

சொராய்தாவின் கண்ணாடிச்சிகள் செத்துவிட்டன என்று டாக்டர் காசேதா காலை உணவின்போதே அறிவித்துவிட்டார். வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டு சொன்னதால் அது இன்னும் இரக்கமில்லாமல் கேட்டது.

"அதுங்க எப்பவோ போய்ச் சேர்ந்தாச்சும்மா. நீதான் அடக்கம் பண்ண மாட்டேங்கற."

"சாகல டாக்டர். சும்மா இருக்குதுங்க."

"செத்ததும் சும்மாதான் இருக்கும்."

மேசையில் எல்லோரும் சிரித்தோம். சொராய்தா என்னை மட்டும் முறைத்தாள். மற்றவர்கள் எல்லோரும் அவளைவிட வயதில் பெரியவர்கள்.

எங்கள் ஆய்வுக் கப்பல் 'டோன்யா எர்மெலிந்தா' சிம்போத்தே துறைமுகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. நான் டாக்டரின் ஆள். நெத்திலி முட்டைகளை நுண்ணோக்கியில் பார்த்து எண்ணுவது என் வேலை. டாக்டருக்கு உலகத்தில் இரண்டே வகை உயிர்கள்: நெத்திலி, நெத்திலி தின்பவை. சொராய்தாவின் உயிரிகள் இரண்டிலும் சேராததால் அவருக்கு அவற்றின் மேல் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம்.

எங்கள் கடலில் காற்றோட்டமான தண்ணீர் மேலே ஒரு போர்வை அளவுக்குத்தான் உண்டு. அதற்குக் கீழே ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லாத இருட்டுத் தண்ணீர். நெத்திலிகள் போர்வைக்குள்ளேயே முட்டிமோதிக்கொண்டு வாழ்கின்றன. சின்ன இறால் போன்ற கிரில், பகலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே ஒளிந்திருந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் மேலே ஓடிவருகிறது. கண்ணாடிச்சி எங்கும் ஓடுவதில்லை. அது கீழேயே குடியிருக்கிறது. அரிசி மணி அளவில் கண்ணாடிபோன்ற உடம்பு, அதைவிட நீளமாக இரண்டு மீசைகள், மிச்சமெல்லாம் தண்ணீர். மீசைகளை விரித்தபடி அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். நீந்தாது, துள்ளாது. மாதக் கடைசியில் ஒரு குடும்பம் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதுபோல எல்லாச் செலவையும் நிறுத்திவைத்திருக்கும்.

அந்தச் செலவு எவ்வளவு என்பதுதான் சொராய்தாவின் ஆராய்ச்சி. ஆழத்துத் தண்ணீரையே சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் நிரப்பி, கண்ணாடிச்சிகளைப் போட்டு, காற்றுப் புகாமல் மூடியிருந்தாள். குப்பிக்குள் ஆக்சிஜன் குறையக் குறைய, கணினித் திரையில் அதன் கோடு இறங்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குப்பியில் வெறும் தண்ணீர்.

எல்லாக் கோடுகளும் ஒன்றாகவே போய்க்கொண்டிருந்தன. அதுதான் சிக்கல்.

"வெறுந்தண்ணிக் கோடு எது, உன் ஆளுங்க கோடு எது, சொல்லு பாக்கலாம்" என்றார் டாக்டர், ஆய்வறை வாசலில் நின்று.

"இதுங்க கொஞ்சம் சாயுது டாக்டர். சாயங்காலம் வரைக்கும் விட்டா நல்லாத் தெரியும்."

"ஒரு தட்டு தட்டிப் பாரேன். உயிர் இருந்தா துள்ளுமில்ல?"

"துள்ளிட்டா மூச்சு வாங்கும். நான் அளக்கறது சும்மா இருக்கறப்ப விடற மூச்சை."

"தட்டாம இருக்க நல்ல சாக்கு" என்றார் டாக்டர். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதப் பாரு. நீ கெட்டிக்காரி. ஆனா செத்த பூச்சியோட மூச்சை அளந்தேன்னு நான் எழுத முடியாது. கரையில கட்டினதும் குப்பியெல்லாம் ஃபார்மலின்ல போயிடணும். செப்டம்பர் பயணத்துல உன் படுக்கையை மீன் தேடற ஒலிக்கருவிக்காரங்களுக்குக் குடுத்துடறேன்" என்றார்.

அவர் போனதும் சொராய்தா குப்பிகளைச் சுற்றியிருந்த பஞ்சுப்பொதியைச் சரிசெய்தாள். அவள் அந்த அறையில் செருப்புகூடப் போடுவதில்லை. நான் தும்மினால்கூட வெளியே போய்த்தான் தும்ம வேண்டும்.

"ஒல்லி, சாயங்காலம் வரைக்கும் ஒரு சத்தமும் வராமப் பாத்துக்கிட்டா போதும்டா. கோடு பிரிஞ்சிடும்." ஒல்லி என்பது அவள் எனக்கு வைத்த பெயர்.

"வளைகுடாக்குள்ள போயிட்டா அலையே இருக்காது. அப்புறம் என்ன?" என்றேன். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. "சொராய்தா, இன்னைக்கு சான் பெத்ரோ."

அவள் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். கடலில் இருக்கும்போது எங்களுக்கு நாள் கிழமை தெரிவதில்லை. ஆனால் சிம்போத்தேக்குத் தெரியும். ஜூன் கடைசியில் மீனவர்கள் தங்கள் காவல் புனிதர் சான் பெத்ரோவின் சிலையைப் படகில் ஏற்றி வளைகுடாவைச் சுற்றிக் கூட்டிவருவார்கள். அவர் கடந்துபோகும்போது ஒவ்வொரு கப்பலும் சங்கு ஊத வேண்டும். எங்கள் கப்பலின் சங்கு ஆய்வறைக்கு நேர் மேலே இருந்தது. அது ஊதினால் தட்டில் இருக்கும் கரண்டி தானாக நகரும்.

இருவரும் கேப்டன் கெரெவாலுவிடம் ஓடினோம். அவர் ஏற்கெனவே வெள்ளைச் சட்டை போட்டு, மீசையை வாரியிருந்தார்.

"ஊதாம போறதா?" என்றார் அவர், காதில் விழுந்ததை நம்பாமல். "என் தம்பி ஒரு வருஷம் அப்படித்தான் போனான், சங்கு ரிப்பேர்னு சொல்லி. அந்த சீசன் பூரா வலை நெறைய சொறிமீனு. அவன் பொண்டாட்டி இன்னும் சொல்லிக்காட்டறா."

"கேப்டன், கொஞ்சம் மெதுவாவாவது ஊதலாமே?"

"பாப்பா, அது சங்கு. மெதுவா ஊத நான் என்ன புல்லாங்குழலா வெச்சிருக்கேன்?"

"அப்ப சின்னதா."

"சாமி எவ்வளவு பெருசோ அவ்வளவு. அதுக்கு மேல ஊத மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன்."

வளைகுடாவுக்குள் நுழைந்தபோது பனித்தூறல் இறங்கிக்கொண்டிருந்தது. மீன்மாவு ஆலைகளின் வாடையோடு, யாரோ வறுத்த மக்காச்சோளத்தின் மணமும் வந்தது. தூரத்தில் பேண்டு வாத்தியம். பூமாலை சுற்றிய படகுகள், அவற்றின் முன்னால் வழிகாட்டுவதுபோல் கூழைக்கடாக்கள். எல்லோரும் மேல்தளத்துக்குப் போய்விட்டார்கள். நானும் சொராய்தாவும் மட்டும் ஆய்வறையில் இருந்தோம். அவள் குப்பிகளின் மேல் தன் கம்பளிச் சட்டையையும் போட்டு மூடினாள். பிறகு என் சட்டையைக் கேட்டாள். கொடுத்தேன்.

டாக்டர் காசேதா ஃபார்மலின் கேனோடு உள்ளே வந்தார். "கரை வந்தாச்சு. எதுக்கு இதுங்களைப் போர்த்தி வெச்சிருக்க? குளிருதா?" என்று கேட்டுச் சட்டைகளை விலக்கினார்.

சங்கு ஊதியது.

அது என் பற்களில் ஊதியது. மேசை ஆடியது. குப்பிகளுக்குள் அத்தனை நேரம் நூலில் தொங்கியதுபோல் நின்றிருந்தவை எல்லாம் ஒரே கணத்தில் சிதறிப் பறந்தன. விளக்கொளியில் கண்ணாடித் துகள்கள் போலப் பளிச்சிட்டன, சுவரில் மோதின, திரும்பின, மறுபடி துள்ளின. சாமி பெரிய சாமி போலிருக்கிறது. சங்கு நிற்கவே இல்லை.

"மாதாவே!" என்றார் டாக்டர். கேன் இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

சொராய்தா கண்களை மூடிக்கொண்டு நின்றாள். "போச்சு. ஓய்வெல்லாம் போச்சு."

"கண்ணைத் தொற" என்றேன். "தெரையப் பாரு."

கோடுகள் இறங்கிக்கொண்டிருந்தன. சாய்வதாவது! மாடிப்படியிலிருந்து பந்து உருள்வதுபோல இறங்கின. வெறுந்தண்ணீர்க் கோடு மட்டும் ஒன்றும் நடக்காததுபோலத் தன்பாட்டில் நேராகப் போனது.

டாக்டர் கேனைத் தரையில் வைத்தார், முதல்முறையாக அந்த அறையில் செருப்பைக் கழற்றினார், திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். குப்பிகளுக்குள் கண்ணாடிச்சிகள் ஒவ்வொன்றாக நின்றன. மீசையை விரித்தன. மெல்ல மெல்லக் கோடுகள் சமநிலைக்கு வந்து, முன்போலவே தண்ணீரோடு தண்ணீராக ஊர ஆரம்பித்தன.

"மறுபடி அடக்கிடுச்சு" என்றார் டாக்டர் கிசுகிசுப்பாக. "அப்ப அந்தத் தட்டைக் கோடு..."

"அதுதான் அதுங்களோட மூச்சு" என்றாள் சொராய்தா. "அவ்வளவு கொஞ்சம்தான் விடும். இருக்கறதே கொஞ்சம்தானே."

டாக்டர் தாடையைச் சொறிந்தார். எனக்கு அந்தச் சொறிதல் தெரியும். நெத்திலி முட்டைகளை நான் ஒருமுறைக்கு இருமுறை எண்ணுவதெல்லாம் அதனால்தான்.

"ஒரு தடவை நடந்தா தற்செயல்" என்று எழுந்தார். செருப்பில்லாமலே படியேறி ஓடினார். நாங்களும் பின்னால் ஓடினோம்.

"கேப்டன், இன்னொரு தடவை ஊதுங்க."

கேப்டன் கெரெவாலு அவரை மேலும் கீழும் பார்த்தார். வெறுங்காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"காலையில இந்தப் பொண்ணு வந்து ஊதாதங்குது. இப்ப நீங்க வந்து ஊதுங்கறீங்க. சாமி போயாச்சு டாக்டர். யாருக்கு ஊதறது?"

"இவளோட பூச்சிக்கு."

"பூச்சிக்கா? சான் பெத்ரோவுக்கு ஊதின சங்குல பூச்சிக்கு ஊதுவேனா நான்?"

"கேப்டன்" என்றாள் சொராய்தா, "பூச்சியும் அவரோட கடல்லதானே இருக்கு."

கேப்டன் யோசித்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஊர்வலத்தைத் தவறவிட்ட ஒரு குட்டிப் படகு, ஒற்றை மாலையோடு, ஐஸ் பெட்டி மேல் பாட்டில்களோடு, அவசர அவசரமாகச் சாமியைத் துரத்திக்கொண்டிருந்தது.

"அந்தா ஒருத்தன் தாமதமா போறான். அவனுக்கு ஊதலாம், பாவம்" என்றார் கேப்டன். "போங்க, போயி உங்க பூச்சிகிட்ட நில்லுங்க. என்கிட்ட நிக்காதீங்க."

நாங்கள் கீழே பாய்ந்தோம். சங்கு ஊதியது. கண்ணாடிச்சிகள் துள்ளின, கோடுகள் உருண்டன. ஆனால் கேப்டன் ஊதியதைக் கேட்ட பக்கத்துக் கப்பல், சாமி திரும்பி வருகிறார் என்று நினைத்துத் தானும் ஊதியது. அதைக் கேட்டு அடுத்தது. கொஞ்ச நேரத்தில் வளைகுடாவில் இருந்த அத்தனை கப்பல்களும் ஊதிக்கொண்டிருந்தன. பேண்டுக்காரர்கள் முதலிலிருந்து தொடங்கினார்கள். கண்ணாடிச்சிகள் பாவம், ஒரு வருஷச் சேமிப்பையும் ஒரே பகலில் செலவழித்தன.

"போதும், போதும்! செத்துடப்போகுதுங்க!" என்று கத்தியது டாக்டர் காசேதாதான். இரண்டு கைகளாலும் குப்பிகளைப் பொத்திப்பிடித்துக்கொண்டு நின்றார்.

சொராய்தா ஃபார்மலின் கேனைக் காலால் மேசைக்கடியில் தள்ளினாள். பிறகு, அத்தனை சத்தத்துக்கு மேலும் கேட்கும்படியாக அவர் காதருகே போய்ச் சொன்னாள்:

"செப்டம்பர்ல எனக்கு மேல்படுக்கை வேணும் டாக்டர். கீழ்ப்படுக்கையில காத்தே வர்றதில்ல."