குளிரில் கிளம்பிய கார்

1986 மாரிப் பனிக்காலத்தில், சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில் எங்கள் கட்டடத்துத் தமிழரிடம் இருந்த கார்களில், விடியக்காலையில் கிளம்பியது என்னுடையது மட்டுந்தான். எஞ்சினுக்கு, குளிரில் இறுகாத, விலைகூடிய சிந்தெற்றிக் ஒயில் விட்டிருந்தேன்.

"உவருக்குக் காசு கூடிப்போச்சு" என்று சிரித்த சண்முகலிங்கம்தான் முதலில் என் கதவைத் தட்டினான். அவனை அகதி விசாரணைக்கும், அவன் மனைவியைப் பிள்ளைப்பேற்றுக்கும் நானே ஏற்றிப்போனேன்.

இரண்டு வருடத்தில் அவன் நகருக்கு வெளியே விட்பியில் வீடும் புதுக்காரும் வாங்கினான். என் காரோ, எஞ்சின் நல்லபடி ஓட, உடம்பு, பனி உருக வீதியில் போடும் உப்பில் துருவேறி உக்கிப்போய்க் கழிவிரும்புக்குப் போனது.

போன கிழமை பனிக்குள் பஸ்ஸுக்கு நின்றேன். சண்முகலிங்கம் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினான். நான் கதவுப்பிடியில் கை வைத்தேன்.

"கார் ஸ்ராட் வரேல்லையோ அண்ணை? சிந்தெற்றிக் ஒயில் விட்டுப் பாருங்கோ" என்றவன், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.