விரலுக்கு முன்னால் வந்த பாட்டு

ஈப்போவில் விற்பனையாகும் டெல்மோரா கிதார்கள், விரல் தந்தியைத் தொடுவதற்குச் சற்று முன்பே ஒலித்துவிடுகின்றன. மழை நாளில் மீன் விலை ஏறும் என்பதைப் போல ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. கடையில் எடுத்துத் தட்டிப் பார்ப்பவர்களுக்கு இது புலப்படாது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கும் அது மற்றக் கிதார்களைப் போலத் தொட்ட பிறகுதான் பேசும். அடுத்த விரல் எங்கே போகும் என்று அவர்களுக்கே தெரியாதபோது கிதாருக்கு எப்படித் தெரியும்? வருடக்கணக்கில் கல்யாணத்திலும் விருந்திலும் தேவாலயத்திலும் வாசித்துச் சாப்பிடுகிறவர்களின் கைக்குத்தான் அது முந்திக்கொண்டு வரும். அப்படி ஒருமுறை வந்துவிட்டால் அவர்கள் பிறகு வேறு கிதாரைத் தொடுவதில்லை. கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்கள் காரணம் கேட்டால், கழுத்து கைக்கு அடக்கமாக இருக்கிறது, ஈப்போ மழைக்கு மரம் வளைவதில்லை என்று மரியாதையான பதில்களைச் சொல்வார்கள். தங்களுக்குள் பேசும்போது மட்டும், மற்றக் கிதார்களை வாசிப்பது, கூப்பிட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டு 'என்ன?' என்று கேட்கும் ஆளோடு குடித்தனம் நடத்துவதுபோல என்பார்கள்.

அவர்களில் மூத்தவர் ஈப்போவின் சிலிபின் பகுதியில் குடியிருந்த ஆம்புரோஸ். சுங்கை ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டம் செம்பனை எண்ணெய் மரங்களுக்கு மாறியபோது குடும்பத்தோடு டவுனுக்கு வந்தவர். அவர் வாசிக்க, மனைவி எல்ஸி பாடுவாள். எல்ஸியின் தம்பி ரோய்ஸ்டன் இரண்டாவது கிதார். மூவருமாக ஈப்போவில் எத்தனையோ பேருக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள் என்று சொல்வது வழக்கம். ஆம்புரோஸின் டெல்மோரா வாங்கிய புதிதில் சாதுவாகத்தான் இருந்தது. மகள் மெலிண்டா பிறந்த வருடத்தில், ஒரு ஞாயிறு திருப்பலியில், அவர் கையை ஓங்கியபோதே முதல் சுரம் வந்துவிட்டது. எல்ஸி கொஞ்சமும் தடுமாறாமல் அதைப் பிடித்துக்கொண்டு பாடினாள். அன்றிலிருந்து அவளுடைய மூச்சு அந்த முந்திய ஒலிக்கே பழகிவிட்டது.

பேராக் மாநிலம் முழுவதற்கும் டெல்மோரா விற்றுக்கொண்டிருந்த கமருதீன் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். கமுந்திங் தொழிற்பேட்டையில் ஒரு கொட்டகையில் செய்யப்படும் அந்தக் கிதார்களின் முதுகும் பக்கங்களும், அழிக்கப்பட்ட தோட்டங்களிலிருந்து வந்த ரப்பர் மரம். கடைக்கு வருகிறவர்களுக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு அவர் சொல்வார்: "காலங்காத்தால தெனம் ஒரு கை வந்து கீறிட்டுப் போன மரம்ணே அது. கத்தி பட்ட அப்புறமாத்தான் அதுக்குத் தெரிஞ்சிச்சின்னு நெனைக்கிறீங்களா? கை வருதுன்னு முன்னாடியே தெரியும்."

ஆம்புரோஸுக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. "பாய், எங்கம்மா காலம் பூரா மரம் சீவுனாங்க. ஒரு மரமாச்சும் அவங்க வர்றதுக்கு முன்னாடி பால வடிச்சு வச்சதில்ல லா. மழ பேஞ்சா வேல இல்ல, வேல இல்லேன்னா சம்பளம் இல்ல. மரத்துக்கு ஒன்னும் தெரியாது" என்பார். கமருதீன் சிரித்துக்கொள்வார். விளக்கம் எதுவானாலும் கிதார் தன் பாட்டுக்கு முந்திக்கொண்டே இருந்தது.

பிறகு ஹால்பிரிட்ஜ் கிதார் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். வெளிநாட்டில் பெரிய பெயர். ஈப்போவிலுள்ள தொழில்முறைக் கலைஞர்களை ஓட்டலுக்கு அழைத்து விருந்து வைத்து, ஆளுக்கொரு புதுக் கிதாரைக் கையில் கொடுத்தார்கள். அதையே வாசிப்பதாகச் சம்மதித்தால் கோலாலம்பூர் மேடைகள், பதாகையில் படம். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, கிதாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஆம்புரோஸ், மரியாதைக்காக, அதை எடுத்துவந்து ஒரு ஞாயிறு திருப்பலியில் வாசித்தார். கிதார் அருமையாகத்தான் இருந்தது. ஆனால் எல்ஸி இரண்டாவது அடியில் பாட்டை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்ததும், "ஏங்க, நீங்க வாசிக்கிறது எனக்கு எட்டவே மாட்டேங்குது. யாரோ பக்கத்து வீட்ல வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். மறுநாளே அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ரோய்ஸ்டன் மட்டும் சம்மதித்தான். அவன் டெல்மோராவும் சில வருடங்களாக முந்திக்கொண்டுதான் இருந்தது. அதுதான் அவனுக்குத் தொந்தரவு. "அது என்னைய முந்திக்கிட்டே இருக்கு மச்சான். நான் நெனைக்கிறதுக்குள்ள அது சொல்லிருது. ஒரு தப்பு பண்ணவாச்சும் எனக்கு எடம் வேணாமா?" என்றான். ஆம்புரோஸ் தடுக்கவில்லை, நல்லபடியாகப் போய்வா என்றும் சொல்லவில்லை. ரோய்ஸ்டன் தன் பழைய கிதாரைக் கமருதீன் கடையில் வைத்துவிட்டுக் கோலாலம்பூருக்கு பஸ் ஏறினான். நெடுஞ்சாலையோரம் அவன் படம் பெரிதாக நின்றது. அக்காவுக்கு அவ்வப்போது பேசுவான். மச்சானைக் கேட்டதாகச் சொல் என்பதோடு நிறுத்திக்கொள்வான். சில வருடங்கள் அப்படியே போயின.

ஒரு காலையில் ஆம்புரோஸ் சிலிபின் சந்தையில் கீரைக் கட்டை எடுக்கக் கை நீட்டினார். கை போகவில்லை. கீழே விழுந்தவரைக் கடைக்காரர்கள் தூக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பக்கவாதம் வலது பக்கத்தையும் பேச்சையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது 'சரி' என்ற ஒரே வார்த்தை. பசிக்கும் சரி, வலிக்கும் சரி, வேண்டாம் என்பதற்கும் சரி. எல்ஸி அந்த ஒரு வார்த்தையின் ஏற்ற இறக்கத்தை வைத்துக் குடும்பம் நடத்தப் பழகிக்கொண்டாள். அவளும் பாடுவதை விட்டுவிட்டாள். வேறு ஆட்களோடு பாடக் கூப்பிட்டவர்களுக்கு, தொண்டை சரியில்லை என்று சொல்லி அனுப்பினாள்.

கமருதீன் ஒரு பிற்பகல் ரொட்டிச் சானாய் கட்டிக்கொண்டு வந்தார். சுவரில் தொங்கிய கிதாரை இறக்கி, புதுத் தந்திகள் போட்டு, ஆம்புரோஸின் மடியில் வைத்தார். "வாசிக்கணும்னு இல்லண்ணே. சும்மா இருக்கட்டும். அதுக்கும் ஆள் வேணும்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் தினமும் பகல் சாப்பாடு முடிந்ததும் எல்ஸி கிதாரை அவர் மடியில் வைப்பது வழக்கமாயிற்று. சில வாரங்கள் கழித்து, ஒரு திங்கட்கிழமை, அவள் அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, அவர்கள் இருவரும் எத்தனையோ ஞாயிறுகளில் பாடிய காணிக்கைப் பாட்டின் முகப்பு கூடத்திலிருந்து கேட்டது. போய்ப் பார்த்தாள். அவருடைய இரண்டு கைகளும் கிதாரின் மேல் அசையாமல் கிடந்தன. தந்திகள் அதிர்ந்துகொண்டிருந்தன. அவள் திகைத்ததாகச் சொல்வதற்கில்லை. இத்தனை காலம் முன்னால் வந்துகொண்டிருந்தது, இன்று இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கிறது. அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு, கைக்காகப் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தாள். பாட்டு முடிந்தது. கை வரவில்லை.

கை நான்கு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை வந்தது. பிசியோதெரபி கொடுக்க வந்த பெண் அவர் வலது கையைத் துண்டின் மேல் வைத்திருந்தபோது விரல்கள் மெல்ல அசையத் தொடங்கின. அந்தப் பெண் மகிழ்ந்துபோய், கை திரும்பிவிடும் என்றாள். எல்ஸி குனிந்து விரல்களின் தாளத்தைப் பார்த்தாள். அதே காணிக்கைப் பாட்டு. ஓடிப்போய் கிதாரை எடுத்துவந்து அவற்றின் கீழே வைத்தாள். விரல்கள் தந்திகளைச் சரியாக மீட்டின, ஒலி எழவில்லை. கொடுக்க வேண்டியதைக் கிதார் திங்கட்கிழமையே கொடுத்துவிட்டிருந்தது. எல்ஸி அப்போதுதான் அழுதாள். ஆம்புரோஸ், "சரி... சரி..." என்று தேற்றினார்.

மெலிண்டாவின் கல்யாணம் ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. இனியும் தள்ள வேண்டாம் என்று ஒரு சனிக்கிழமைக்கு வைத்தார்கள். அவள் பிறந்த வாரத்தில் ஆம்புரோஸ் ஒரு மெட்டுக் கட்டியிருந்தார். எல்ஸி அதற்கு வார்த்தைகள் போட்டிருந்தாள். மகள் மணக்கோலத்தில் கோயிலுக்குள் நடந்து வரும்போது அதைத்தான் வாசிப்பேன் என்று அவர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார், பேச்சு இருந்த காலத்தில். அதுவும் முன்கூட்டியே வந்துவிடுமோ என்று எல்ஸிக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. கல்யாணத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமை மதியம் அது நடந்தது. ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் அந்த மெட்டு தொடங்கிவிட்டது.

அடுப்பை அணைத்துவிட்டு மகளுக்கு ஃபோன் போட்டாள். மெலிண்டா டவுனில் ஒரு பல் கிளினிக்கில் வேலையில் இருந்தாள்.

"மெலிண்டா, ஃபோன கீழ வச்சிராத. டாடி ஒன் பாட்ட வாசிச்சிக்கிட்டு இருக்காரு."

"இன்னைக்கா? கல்யாணம் சனிக்கிழமை தானே மம்மி?"

"அவரு கை சனிக்கிழமைதான் வரும். பாட்டு இப்பவே வந்திருச்சு. பேசாம கேளு."

ஃபோனைக் கிதாரருகே பிடித்துக்கொண்டு எல்ஸி நின்றாள். பாட வேண்டும் என்று தோன்றியது, வாய் வரவில்லை. பதிவு செய்ய நினைக்கவில்லை. நினைத்திருந்தாலும் இருந்த ஒரே ஃபோனில் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கே கிளினிக்கில் மெலிண்டா வெள்ளைக் கோட்டோடு நாற்காலிகளுக்கு நடுவே நின்று கேட்டாள். பல் வலியோடு காத்திருந்தவர்கள் தாங்களாகவே பேச்சை நிறுத்தினார்கள். ஆம்புரோஸ் கண்ணை மூடியிருந்தார். அதற்குமுன் அவர் அவ்வளவு நன்றாக வாசித்து எல்ஸி கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை ரோய்ஸ்டன் ஹால்பிரிட்ஜ் கிதாரோடு வந்து இறங்கினான். மச்சானைப் பார்த்துவிட்டு வெகுநேரம் வாசலில் செருப்பைத் தேடுகிறவன்போல நின்றான். நடந்ததைக் கேட்டதும் ஒரு யோசனை சொன்னான். "நான் தூணுக்குப் பின்னால ஒக்காந்துக்கிறேன்கா. மச்சான் விரல பாத்துக்கிட்டே வாசிப்பேன். ஒரு மனுசனுக்கும் தெரியாது. அத்தன பேருக்கு முன்னாடி சத்தமே இல்லாம அவரு கம்பிய தடவிக்கிட்டு இருக்கணுமா? கேவலமா இருக்கும்லா."

ஆம்புரோஸ் தலையை இடமும் வலமும் ஆட்டி, "சரி" என்றார். ரோய்ஸ்டனுக்கு விளங்கவில்லை. எல்ஸிக்கு விளங்கியது.

"வேணாம் ரோய். முன்னாடியே வந்துட்டாலும் அது அவரு வாசிச்சது. அதுமேல இன்னொருத்தர் வாசிப்ப வைக்க எனக்கு மனசில்ல. ஒனக்கு வேற வேல இருக்கு. அவரால நடக்க முடியாது. நீ அவள கூட்டிக்கிட்டு வா."

ரோய்ஸ்டன் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டு அழுதான். ஆம்புரோஸ் இடது கையால் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

சனிக்கிழமை காலை கோயில் நிறைந்திருந்தது. பீடத்துக்குப் பக்கத்தில் நாற்காலியில் ஆம்புரோஸ், மடியில் கிதார். மெலிண்டா மாமன் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றதும் அவர் விரல்கள் எழுந்தன. இடது கை அழுத்தியது, வலது கை மீட்டியது, ஒரு சுரமும் கேட்கவில்லை. மின்விசிறிச் சத்தத்தில் கூட்டம் எழுந்து நின்றது. குருவானவர் கைகளைக் கோத்துக்கொண்டார். அப்போது எல்ஸி பாடத் தொடங்கினாள். பல மாதங்களாகப் பாடாத தொண்டை முதலில் கரகரத்தது. பிறகு திறந்துகொண்டது. தனக்கு முன்னால் போய்விட்ட இசையைப் பின்தொடர்ந்து பாடுவது அவளுக்குப் புதிதல்ல; முன்பெல்லாம் அது இமைக்கும் நேரம் முன்னால் போயிருக்கும், இப்போது செவ்வாய்க்கிழமைக்குப் போயிருந்தது. ஓர் இடத்திலும் தாளம் தவறவில்லை. அவள் கடைசி வார்த்தையை முடித்ததும் அவர் விரல் கடைசித் தந்தியை விட்டதும் ஒன்றாக நடந்தன. மெலிண்டா வந்து குனிந்து, அப்பாவின் கையை முத்தமிட்டாள்.

ரோய்ஸ்டன் கோலாலம்பூருக்குத் திரும்பவில்லை. பழைய கிதாரைக் கமருதீன் தூசு தட்டி வைத்திருந்தார். அது இப்போது அவனுக்குத் தொட்ட பிறகுதான் ஒலிக்கிறது, யாரோ புது ஆளிடம் பேசுவதைப்போல. அவன் குறைசொல்வதில்லை, தினமும் வந்து மச்சானுக்கு எதிரில் உட்கார்ந்து வாசிக்கிறான்.

எல்ஸியும் ஆம்புரோஸும் மறுபடி கல்யாணங்களுக்குப் போகிறார்கள். அழைக்க வருகிறவர்களிடம் எல்ஸி விவரத்தைச் சொல்லிவிடுகிறாள். அவர்களும் விழா சனிக்கிழமை என்றால் செவ்வாய் மதியமே மாப்பிள்ளை பெண்ணோடும் பெரியவர்களோடும் சிலிபின் வீட்டுக்கு வந்து, கூடத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள். உட்கார இடம் போதாததால் கமருதீன் தன் கடையிலிருந்து மடக்கு நாற்காலிகள் அனுப்பிவைக்கிறார்.