மூச்சோடு உள்ளே

“இங்கியே எறக்குங்க. உள்ள போவ வேணாம்” என்று பெரிய அத்தை வாசல் நிலையின் இரண்டு பக்கமும் கையூன்றி வழியை மறித்தாள்.

ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கத்தை லதாவும் கால்பக்கத்தைத் தம்பி மஞ்சுநாத்தும் பிடித்திருந்தார்கள். தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான பாலகாட்டில் அந்தத் தெருவே ஆம்புலன்ஸைச் சுற்றி நின்றது. வெளியே செத்தவரை வீட்டுக்குள் ஏற்ற மாட்டார்கள். தெருவில் பெஞ்சு போட்டுத்தான் கிடத்துவார்கள். அவர்கள் அப்பா கோவிந்தனுக்குச் சாவைப் பற்றிப் பயமில்லை. அந்தப் பெஞ்சைப் பற்றித்தான் பயம்.

“என் வூட்டுக்குள்ள மூச்சோட போவணும்” என்று அடம்பிடித்துத்தான் சென்னையிலிருந்து கிளம்பினார். வேலூர் தாண்டமாட்டார் என்றார் டாக்டர்.

சென்னையை ஒட்டிக் கடலோரமாக இருக்கும் சின்ன வனப் பூங்காவில் லதாவுக்கு டிக்கெட் கவுன்ட்டரில் வேலை. சுரங்கத் தூசி அடைத்த நெஞ்சுக்குக் கடல்காற்று நல்லது என்று அப்பாவைத் தன்னோடு அழைத்துப் போயிருந்தாள். “இத்துனூண்டு காட்டுக்கு டிக்கெட் வேறயா?” என்று முதல் நாள் கேலி செய்தவர், அப்புறம் தினமும் அவளுக்கு முன்னால் கிளம்பி நின்றார். முந்திரி மரத்தடி மணலில் படுத்துக்கொள்வார். அசையாமல் கிடந்தால் புள்ளிமான் கிட்டே வரும். அவர் அசையவே மாட்டார். போய்விட்டாரோ என்று லதா பதறி ஓடியது எத்தனை தடவை! ஒவ்வொரு தடவையும் ஆள்காட்டி விரல் மட்டும் லேசாக உயரும். சும்மா இரு, மான் வருது என்று அர்த்தம். மனுஷன் அவளை அப்படிப் படுத்தியெடுத்தார்.

“கண்ணு சொருவிக்கிச்சு பாருடி” என்றாள் அத்தை.

அப்பாவோடு ஒரே ஷிப்டில் இறங்கிய ஜோஸ் மாமா மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தார். “காத்து வரல, பாப்பா.”

அம்மா ரத்தினம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மஞ்சுநாத் குனிந்தான்.

“டேய், கீழ வச்ச, கொன்னுடுவேன்!”

லதா அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். விரல் உயர்ந்தது.

“நவுரு அத்தே. எங்கப்பா உயிரோட கீறாரு.”

“சொன்னா கேளுடி...”

“இன்னாக்கா” என்றார் கோவிந்தன், கண்ணைத் திறக்காமலே. “ஒரு மனுசன் கொஞ்ச நேரம் சும்மா கெடக்கக் கூடாதா?”

தெருவே ஓவென்று கத்தியது. ஜோஸ் மாமா விசிலடித்தார். அத்தை தன் புடவையைத் தானே மிதித்துக்கொண்டு விலகினாள். வேலூரிலிருந்து சிக்கனம் பிடித்துச் சேர்த்த மூச்சு நிலைப்படியைத் தாண்டி நடுவீட்டுக்குள் போனது. லதாவுக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல் சந்தோஷமாக இருந்தது. அப்படியொரு சந்தோஷத்துக்கு வெட்கப்படவும் அவளுக்குத் தோன்றவில்லை.

அம்மா கொடுத்த காபியை நாலு ஸ்பூன் குடித்தார். கூரையைப் பார்த்தார்.

“ஒழுகறது நின்னுச்சா?”

“நின்னுடுச்சு” என்றாள் அம்மா.

மத்தியானம் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கையில் போய்விட்டார். லதா வெகுநேரம் விரலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு வாய்விட்டு அழுதாள்.

துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அம்மா ஒப்பாரியை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “வூட்டுக்குள்ளதான். நடுவூட்ல.” பிறகு விட்ட இடத்திலிருந்து அழுதாள்.

குளிப்பாட்டுவதற்காக வேட்டியை அவிழ்த்தபோது மடிப்பிலிருந்து கொஞ்சம் கடல்மணல் சிமெண்டுத் தரையில் கொட்டியது. அத்தை துடைப்பத்தைத் தேடினாள்.

“இருக்கட்டும் அண்ணி” என்றாள் அம்மா. காலை ஒதுக்கி, அதை மிதிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.