நரேந்திரன் வக்கீலைப் பற்றி ஒரு பக்கம்

1

காலையில் யசீகரன் எழுந்தான். கெட்டிலில் தண்ணீர் பிடித்தான். ஒரு கோப்பை எடுத்தான். இரண்டு துண்டு பாண் வாட்டினான். குப்பைத் தொட்டியைத் தெருவோரம் இழுத்து வைத்தான். திரும்பி வந்து ஆறிப்போன தேநீரைக் குடித்துவிட்டு இந்தக் கதையை எழுத உட்கார்ந்தான்.

வாசகரே, இதை எழுதுகிறவனும் யசீகரன்தான். ‘நான்’ என்று போட்டுப் பார்த்தான்; இரண்டு வரிக்கு மேல் போகவில்லை. ‘அவன்’ என்று மாற்றியதும் கை நகர்ந்தது. ஆகவே அவன்.

சென்ற குளிர்காலத்தில் அவன் மனைவி யுவனேஸ்வரி இறந்தாள். இந்தக் கோடையில் அவளுடைய அப்பா நரேந்திரன் இறந்தார். வருகிற சனிக்கிழமை அவருக்குக் கருமாதி. நேற்று ஆக்லாந்தின் மேற்கே கிளென் ஈடனிலிருந்து அவளுடைய அண்ணன் தினேஸ்வரன் அழைத்தான்.

“மச்சான், அப்பாவப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. வக்கீல் வேல, பேஸ்பால், அது போதும். முடிக்கிறப்ப தங்கச்சி கடைசியா சொன்னதச் சேருங்க.”

“எதை?”

“நீங்கதான கூட இருந்தீங்க? அப்பாவப் பத்தி ஏதாச்சும் சொல்லிருப்பால்ல. எல்லாரும் கேக்கணும்.”

“ஓம்,” என்றான் யசீகரன்.

வேண்டாம் என்றிருக்கலாம்.

2

முதல் தொடக்கம்: ‘ஈப்போவில் பிறந்து ஆக்லாந்தில் புகழ்பெற்ற வழக்கறிஞர்—’

(புகழ் எல்லாம் இல்லை. சான்ட்ரிங்ஹாமில் மளிகைக்கடைக்கு மேலே ஒற்றை அறை. வீடு வாங்குகிறவர்களும் விசா கிடைக்காதவர்களும் படியேறி வருவார்கள். மாமாவின் கோட்டில் எப்போதும் பெருங்காய வாசனை.)

இரண்டாவது: ‘நீதிக்காகவே வாழ்ந்த—’

(இது எந்த வக்கீல் செத்தாலும் பொருந்தும்.)

மூன்றாவது: ‘கிரிக்கெட் பைத்தியம் பிடித்த நம் சனங்களுக்கு நடுவே அவர் பேஸ்பால் பார்த்தார்.’ இது நிற்கட்டும்.

ஈப்போவில் பள்ளிக்கூடத்துக்கு வந்த ஓர் அமெரிக்க வாத்தியார் பழக்கிவிட்டாராம். பந்தை அடித்துவிட்டு நான்கு மூலையும் சுற்றி ஓடிவரும் ஆட்டம். கலியாணம் பேசப் போன அன்று யசீகரனின் அப்பா மகேசன் மாமா வீட்டுத் தொலைக்காட்சியில் அதைப் பார்த்துவிட்டு வாயை அடக்கவில்லை.

“இது எங்கட கிட்டிப்புள் எல்லோ?”

“கிட்டிப்புள்ளுக்கு அம்பயர் உண்டா, சம்பந்தி?”

“கிரிக்கெட்டுக்கு இருக்குதே.”

“கிரிக்கெட்டா! அஞ்சு நாள் வெயில்ல நின்னுட்டு ட்ரான்னு கை குடுத்துட்டுப் போறான். இதுல அந்தக் கத கிடையாது. விடிய விடிய ஆனாலும் தீர்ப்பு வந்தாத்தான் வீட்டுக்குப் போவலாம்.”

(இந்த மாமா சிரிக்க வைக்கிறார். சனிக்கிழமை வருகிறவர்களும் சிரிப்பார்கள். ஆனால் எழுதுகிறவனுக்கு ஒரு சந்தேகம். இந்தப் பேச்சை யுவனேஸ்வரி எத்தனையோ தடவை நடித்துக் காட்டியிருக்கிறாள், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு. அவன் காதில் இப்போது கேட்பது மாமாவின் குரல் இல்லை. மாமாவாகப் பேசிய அவளுடைய குரல். அவளை வெளியே எடுத்தால் இந்தப் பக்கத்தில் மாமாவும் இல்லை.)

3

அமெரிக்காவில் இரவு நடக்கும் ஆட்டம் இங்கே மறுநாள் காலையில் தெரியும். மாமாவின் விடுமுறைக் காலைகள் அதற்கே போயின; ஓய்வு பெற்ற பிறகு எல்லாக் காலைகளும். தொடங்கும் முன் போனை அணைத்து, கரண்டிகள் கிடக்கும் இழுப்பறையில் போட்டு மூடுவார். கோர்ட்டில் பழகிய பழக்கம்; நீதிபதி வந்து உட்கார்ந்த பிறகு வக்கீலின் போன் அலறக்கூடாது. வாசல் மணி அடித்தாலும் எழும்ப மாட்டார். நடுவரைப் பார்த்து “அப்ஜெக்‌ஷன்!” என்று கத்துவது மட்டும் தெருவுக்குக் கேட்கும். அந்த நேரத்தில் அவரைத் தொந்தரவு செய்யாமலே பிள்ளைகள் இருவரும் வளர்ந்தார்கள்.

4

குளிர்காலத்தில் ஒரு காலை. ஆக்லாந்தின் வடக்கே ஆல்பனியில் வேலையில் இருந்த யுவனேஸ்வரிக்குத் தலையிடித்தது. வாந்தி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். யசீகரன் போய்ச் சேர்ந்தபோது பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

“இந்த கவுனத் தச்சவன் முதுகுப் பக்கத்த மறந்துட்டான், பாருங்க.”

“மாமாவுக்குப் போன் எடுக்கட்டோ?” என்று கேட்டான்.

அவள் ஏதோ சொன்னாள். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மூளைக்குள் இரத்தம் கசிந்திருந்தது. பிறகு அவள் பேசவில்லை.

(‘ஏதோ சொன்னாள்.’ எழுதுகிறவன் இங்கே ஒளிக்கிறான். கவனித்திருப்பீர்கள்.)

தினேஸ்வரன் மாமாவின் போனுக்கு விடாமல் அழைத்தான். இழுப்பறை மூடியே கிடந்தது. மாமா வந்தபோது அவளுக்காக இயந்திரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவர் ஓர் ஆட்டமும் பார்க்கவில்லை. யசீகரனைக் கண்டால் ஒரே கேள்விதான்.

“மாப்பிள்ள, அவ கடைசியா என்ன சொன்னா?”

“உங்களைப் பாக்கச் சொன்னவ, மாமா.”

“அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

“அப்பாவைப் பாத்துக்கொள்ளுங்கோ எண்டு.”

“அது நீங்க. எம்மக இல்ல. சாட்சி சொந்தமா ஜோடிக்கக்கூடாது, மாப்பிள்ள.”

அடுத்த முறை வேறொன்று சொன்னான். அதையும் தள்ளினார். கோபப்படவில்லை. தலையை ஆட்டிவிட்டு நாற்காலியில் இருந்தபடியே ஜன்னலைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் அந்த மனிதர் அந்த நாற்காலியை விட்டு எழும்பமாட்டார் என்று யசீகரன் நினைத்தான். சொல்லாமலும் அவர் எழும்பவில்லை. கோடை பிறந்து கொஞ்ச நாளில் அதே நாற்காலியில் இருதயம் நின்றது.

5

தினேஸ்வரனுக்குக் கொடுக்க முடிவுகள்:

‘எங்கப்பா மாதிரி யாரு இருக்கா.’ கூட்டம் அழும். அவனும் நிம்மதியாக அழுவான்.

‘அப்பா எங்க?’ இது நாடகம். தவிர, விடாமல் போன் அடித்தவனை இது உயிரோடு தின்னும்.

‘ஒன்றும் சொல்லவில்லை.’ இதுதான் யாரையும் நோகடிக்காது. யசீகரன் இதைத்தான் எழுதினான். பிரின்ட் கூட எடுத்துவிட்டான். பிறகு அவள் சொன்னதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். எது முன்னால், எது பின்னால் என்று தடுமாறியது. அவளிடமிருந்து வந்த கடைசிச் சொற்கள் அவன் ஒருவனிடம்தான் இருக்கின்றன. அவனிடமிருந்தும் அவை கழன்றுகொண்டிருக்கின்றன. இன்னொரு குளிர்காலம் வந்தால் அவனும் ஜோடிக்கத்தான்—

சனிக்கிழமை எந்தப் பக்கம் வாசிக்கப்படும் என்று அவனுக்குத் தெரியவில்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவள் சொன்ன மாதிரியே:

“அப்பாவுக்கு இப்ப போன் போடாதீங்க. மேட்ச் முடியட்டும்லா, நானே சொல்லிக்கிறேன்.”