பச்சைக் கதவுகளின் விருந்தாளி

அட்லசு மலையின் தென்சரிவில், வாதுமை மரங்கள் தம் வெண்மலர்களை உதிர்த்து முடித்திருந்த ஓர் இளவேனில் பிற்பகலில், பனிமுடிகளை விட்டிறங்கிய நீர் செம்மண் வாய்க்காலில் நாணமுற்ற மணமகள் போல ஒதுங்கி ஒதுங்கி ஓடிக்கொண்டிருக்க, பொது அடுப்பின் புகை ஊருக்கு மேல் மெல்லிய போர்வையாய் விரிந்திருக்க, தமுசினா என்னும் எங்கள் ஊர் வெயிலில் கண்மூடிக் கிடந்தது. அதன் தெருக்களின் இருமருங்கும் நின்ற மரக்கதவுகளில், ஒன்று விட்டு ஒன்றிலேனும், விரித்த கையொன்றின் பச்சைத் தடம் பதிந்திருந்தது.

கற்றறிந்தீர்! அத்தடத்தின் பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் சர்க்கரை நோய் புகுந்துவிட்ட ஊர் இது. ஊரின் ஒரே செவிலியான துடா, அறிவுரையால் யாரும் திருந்துவதில்லை என்பதையும், நல்ல வழியே எளிய வழியாகவும் அமைந்துவிட்டால் மனிதர் தாமாகவே அதில் நடப்பர் என்பதையும் கண்டவள். அவள் சொல்லுக்கு ஊர் அசைந்தது. ஆண்கள் கல் சுமந்து வாய்க்கால் கரையில் நடைபாதை அமைத்தனர். நீர் எடுக்கும் சாக்கு இல்லாமலே பெண்கள் அதில் நடந்தனர். அடுப்புக்காரர் கோதுமை ரொட்டிக்கு முன்வரிசையில் வாற்கோதுமை ரொட்டியை அடுக்கினார். கடைக்காரர் சர்க்கரைக் கூம்புகளை ஏணி வைத்தால்தான் எட்டும் பலகைக்கு ஏற்றினார். சர்க்கரையில்லாத் தேநீருக்கு இசைந்த வீட்டின் கதவில் பச்சைக் கை பதிக்கப்பட்டது.

எல்லாவற்றினும் அரியது அந்தத் தேநீர்தான். எங்கள் சர்க்கரை, முழங்கை நீளக் கூம்பாய் இறுகி, நீலத்தாள் உடுத்து வருவது. சிறு பித்தளைச் சுத்தியால் உடைத்துப் புதினாவோடு கெண்டியில் இடப்படுவது. கையை உயர்த்தி, நீர் நூல்போல் நெடிதாய் விழ ஊற்றினால், குவளையில் நுரை தலைப்பாகை கட்டும். திருமணமாயினும் இழவாயினும் நோயாயினும் கூம்போடு செல்வதே முறை. சர்க்கரை குறைந்த தேநீருக்கு 'மெசூசு' என்று பெயர். உப்பில்லாப் பண்டத்துக்கும், ஈரமில்லா நெஞ்சத்துக்கும் அதுவே பெயர். ஒரு வீட்டுக்கு அப்பெயர் ஒட்டிவிட்டால் ஏழு மழையும் கழுவாது.

கதவுகளில் பதிந்த கை, துடாவின் கணவர் அத்துவினுடையது. கதவுகளுக்கு வண்ணம் பூசும் தொழிலர். பகையென்று ஒருவரும் இல்லாதவர். சர்க்கரை நோய் அவருடைய இடக்காலில் இரு விரல்களை முன்பே தின்றிருந்தது. "மூன்று மாதத்தில் சர்க்கரை இறங்காவிட்டால், அடுத்து வரும் புண் காலையே கொண்டுபோகும்" என்று நகரத்து மருத்துவர் சொல்லியிருந்தார். துடா ஊரையே திருத்தப் புறப்பட்டது அந்த ஒற்றைக் காலுக்காகத்தான் என்பதை ஊர் அறிந்திருந்தது. அறிந்தே அன்பாயும் இருந்தது.

அன்று பிற்பகலில் அவர் ராபா என்பவளின் கதவில் கை பதித்துவிட்டுத் திரும்பினார். அவள் வாயிலை மறித்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கே அண்ணே! என் கதவுல கைய வச்சிட்டு, வெறும் வாயோட போவீங்களா?"

"வேணாம்மா. துடாவுக்குத் தெரிஞ்சா மிச்ச விரல அவளே நறுக்கிப் போட்டுருவா."

"எங்களுக்கு அந்தக் கசப்புத்தான், பிள்ளைங்க மேல ஆணை. ஆனா விருந்தாளிக்கு மெசூசு குடுத்தவன்னு பேரு வாங்கினா நான் தெருவுல நடமாட வேணாமா? மத்த எல்லா வீட்டுலயும் சப்புன்னுதானே குடிக்கிறீங்க. இங்க ஒரே ஒரு குவளை!"

அடுப்பில் இரண்டு கெண்டிகள் இருந்தன: வீட்டாருக்குச் சர்க்கரையில்லாதது ஒன்று, விருந்தாளிக்கு இனித்தது ஒன்று. அத்து சிரித்தார், அமர்ந்தார், குடித்தார். ஊற்றித் தந்ததை மறுப்பது எங்களிடையே முகத்தில் அறைவதற்கு ஒப்பு.

மூன்று மாதம் கழிந்து துடா ஊராரின் குருதியைச் சோதித்தாள். குருதியின் நினைவாற்றல் வியப்புக்குரியது: முந்தைய நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற இயலாது, செவ்வணுக்களில் ஒட்டிய சர்க்கரை மூன்று மாதக் கதையைத் திரித்துச் சொல்லாது. ராபாவுக்கு இறங்கியிருந்தது. அடுப்புக்காரருக்கு இறங்கியிருந்தது. பச்சைக் கதவுக்குள் வாழ்ந்தோர் அனைவருக்கும் இறங்கியிருந்தது. அத்துவுக்கு மட்டும் ஏறியிருந்தது.

"எங்க குடிச்சீங்க?" என்றாள் துடா.

"ஒரு வீட்டுல ஒரு குவளைதான் துடா. அதுக்கு மேல தொட்டதில்ல."

"எத்தன வீட்டுல?"

அவர் தம் வலக்கையைப் பார்த்தார். நகக்கண்களில் பச்சை வண்ணம் காய்ந்திருந்தது. "கை வச்ச வீடெல்லாம். வாரம் ஒரு தரம் எட்டிப் பாக்கச் சொன்னது நீதானே?"

ஒவ்வொரு வீடும் தன்னை மட்டும் விதிவிலக்காய் எண்ணியது; ஊர் துறந்த இனிப்பு முழுதும், நூறு வாய்க்கால்கள் ஒரே பள்ளத்தை நாடுவதுபோல், அந்த ஓர் உடம்பில் வந்து தேங்கியது.

அடுத்த கிழமையே புண் வந்தது. சர்க்கரை மிகுந்த குருதி முதலில் நுண்ணிய நரம்புகளை அவிக்கும். பின்னர் கால் வலியை அறியாது. நடைபாதையில் கிடந்த கூழாங்கல் ஒன்று அவருடைய இடக்காலின் மஞ்சள் தோற்செருப்புக்குள் புகுந்து பகல் முழுதும் அரைத்ததை, குருதி படிந்த செருப்பைக் கழற்றிய துடாதான் கண்டாள். நகரத்தில், முழங்காலுக்குக் கீழே, அக்காலை எடுத்துவிட்டனர்.

அத்து வீடு திரும்பிய நாளில் ஊரே திரண்டு வந்தது. கண்ணீரோடு வந்தது, மனமாரக் கூம்புகளோடும் வந்தது. கடைக்காரர் ஏணி வைத்து இறக்கியிருக்க வேண்டும். நீலத்தாள் உடுத்த அக்கூம்புகள், கட்டிலின் கால்மாட்டில், கால் இல்லாத இடத்தின் நேரே, வரிசையாய் நின்றன. துடா சர்க்கரையில்லாத் தேநீரைக் குவளைகளில் ஊற்றிக் கொடுத்தாள். ஒரு மிடறு பருகிய ராபா அயலாளைப் பார்த்தாள். அயலாள் குவளையைப் பார்த்தாள். ஒருவரும் 'மெசூசு' என்னும் அச்சொல்லைச் சொல்லவில்லை. எல்லோர் உதட்டிலும் அது இருந்தது.

"துடா," என்றார் அத்து, தலையணையிலிருந்து, தாழ்ந்த குரலில். "வந்தவங்களுக்கு நல்லாப் போட்டுக் குடும்மா. நம்ம வீட்டுக்கு அந்தப் பேரு வேணாம்."

துடா பித்தளைச் சுத்தியை எடுத்து, ஒரு கூம்பின் தாளை உரித்து, உடைத்தாள்.

கூதிர்ப் பருவத்தில் அவள் மீண்டும் சோதித்தபோது அத்துவின் சர்க்கரை நன்கு இறங்கியிருந்தது. எந்த வீட்டுக்கும் விருந்தாளியாய்ச் செல்ல இனி அவருக்குக் கால் இல்லை. ஊரார் மகிழ்ந்தனர், முயற்சி பலித்தது என்றனர். அவர்கள் சொன்னதில் பொய்யில்லை. தாம் கைவிட்ட நஞ்சை அன்பென்று பெயரிட்டு, நுரை தலைப்பாகை கட்டும்படி, கையை உயர உயர்த்தி, அவர் குவளையில் ஊற்றி வந்தவர்களும் அவர்களே. மழைக்கு மங்கிய பச்சைத் தடங்கள் இன்னும் கதவுகளில் இருக்கின்றன. அவற்றைப் புதுப்பிக்க வருமாறு அவரை அழைக்க மட்டும் யாருக்கும் நாவெழவில்லை.