வேண்டாம் என்று சொல்லும் பாடம்

அது ஐம்பத்தெட்டாம் வருஷமா, அதற்கடுத்த வருஷமா என்று எனக்கு உறுதியில்லை. அன்று சாரல் விழுந்ததா என்பதும் சந்தேகம்தான். எண்ணெய் நாற்றம் மட்டும் அப்படியே இருக்கிறது.

தென்காசியில் நாங்கள் படித்த பள்ளிக்குத் தங்கபுஷ்பம் டீச்சர் புதிதாக வந்திருந்தார். இங்கிலீஷை அவர் புத்தகத்திலிருந்து தொடங்கவில்லை. பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, கத்தரிக்காயும் சோப்புக்கட்டியும் பரப்பிக் கடை வைத்தார். பாதிப் பேர் விற்க வேண்டும், பாதிப் பேர் வாங்க வேண்டும். விலை கேட்பதற்கும் முன்னால், வேண்டாம் என்று சொல்லத்தான் கற்றுத்தந்தார். "நோ, தேங்க் யூ. ஐ டோன்ட் வாண்ட் இட்."

"கடைக்கு வந்துட்டு மொதல்லயே வேண்டாம்னு சொல்லணுமா டீச்சர்?" என்று உலகம்மை கேட்டாள். வகுப்பே சிரித்தது.

"அதைச் சொல்லத் தெரியலன்னா, சொத்தக் கத்தரிக்காயத்தான் ஒன் தலையில கட்டுவான்ட்டி."

ஒருநாள் மேனேஜர் பால்வண்ணநாதன் ஜன்னல் வழியே இதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பள்ளி அவருடையது. டீச்சரின் வேலையை நிரந்தரமாக்கும் ஆர்டரில் அவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

"பிள்ளைக நல்லாப் பேசுதுகளே. குத்தாலத்துல நம்ம பங்களாவுக்கு மெட்ராஸ்ல இருந்து பெரிய ஆளுங்க வந்திருக்காவ. சனிக்கிழமை கூட்டிட்டு வாங்க. நெசமான இங்கிலீஷ் படிக்கட்டும்."

டீச்சருக்கு அவ்வளவு சந்தோஷம். எங்களுக்கும்தான்.

பங்களாத் தாழ்வாரத்தில் நாலைந்து பேர் உடம்பெல்லாம் எண்ணெயும் தொந்தியுமாய்க் கிடந்தார்கள். வெற்றிலை எச்சில் சுவரில் வழிந்திருந்தது. எங்களை வரிசையாக நிறுத்தி, மேனேஜர் தம் பாடத்தை நடத்தினார். "ஹாட் வாட்டர் ரெடி சார்." "சோப் சார்." "டவல் சார்." சொல்லிக்கொண்டே எடுத்துக் கொடுக்க வேண்டும். மங்குஸ்தான் தோலை எங்கள் காலடியில் எறிந்துவிட்டு, "பிக் இட் அப்" என்றார்கள். பொறுக்கினோம்.

"குரங்கு மாதிரியே சொல்லுதுங்க பாருங்க!" என்று ஒருவர் உருண்டு சிரித்தார். பிறகு எண்ணெய் சொட்டும் தம் கோவணத்தை உலகம்மை முன்னால் நீட்டினார். "வாஷ் திஸ்."

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கடை விளையாட்டில் பேசும் அதே குரலில், "நோ, தேங்க் யூ. ஐ டோன்ட் வாண்ட் இட்" என்றாள்.

சிரிப்பு நின்றது.

"ஏட்டி, யாருகிட்டப் பேசுதே?" என்றார் மேனேஜர். அவள் அசையவில்லை. அவர் டீச்சர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க டீச்சர். ஒங்க ஆர்டர் இன்னும் எம் மேசையிலதான் கெடக்கு."

டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவரும் வேண்டாம் என்றுதான் சொல்வார் என்று நான் நம்பினேன்.

"வாங்கிக்கோ, உலகம்மை."

"நோ, தேங்க் யூ, டீச்சர்."

அவள் படியிறங்கி ரோட்டுக்குப் போய்விட்டாள். டீச்சர் கை நீட்டி அந்தத் துணியை வாங்கினார். குழாயடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கசக்கினார். அந்த ஆள் பார்த்துக்கொண்டே பழம் தின்றார்.

அந்த மாதமே டீச்சர் வேலை நிரந்தரமானது. அதன்பின் அவர் வகுப்பில் கடை வைக்கவில்லை. இலக்கணம் எழுதிப்போட்டார், ஓய்வு பெறும்வரை அதையே எழுதிப்போட்டார். உலகம்மையின் பெயரைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். அவள் வீரகேரளம்புதூரில் அத்தை வீட்டில் தங்கிப் படித்து நர்ஸானாள். மேனேஜர் இறந்தபின் அவர் படத்தைப் பள்ளியில் மாட்டினார்கள். நான் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவானேன். பங்களாவை லாட்ஜாக்கிவிட்டார்கள்.